பச்சை விளக்கும் காணாமல் போன போர்ட்டுகளும்

நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வாசகம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: "சார், லைட்டு எரியுது, ஆனா வேலை செய்யல." பஞ்சாலை, கல்லூரி, ஆஸ்பத்திரி, கூட்டுறவு சங்கம் என்று எங்கிருந்து போன் வந்தாலும் இதுதான் முதல் வாசகம்.

ஸ்விட்ச் என்றால் இங்கே சுவரில் இருக்கும் மின்சார ஸ்விட்ச் இல்லை. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் 24 அல்லது 48 துளைகள் இருக்கும். அவற்றைப் போர்ட் என்போம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது எரிந்தால் கேபிள் அறுந்துபோகவில்லை, மறுமுனையில் உள்ள கருவிக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். அந்தக் கேபிளில் போகும் தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேருகிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. பாதி நேரம் எங்கள் வேலையே அந்த விளக்குக்குத் தெரியாததைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான்.

விளக்கு எரிந்தும் வேலை நடக்காததற்கு முக்கியமான ஒரு காரணம் வி-லேன். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

ஒரே ஸ்விட்சில் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் எல்லார் காதிலும் விழும். கணக்குப் பிரிவின் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றால், பழைய நாளில் அவர்களுக்குத் தனி ஸ்விட்ச், தனி கேபிள் போட வேண்டும். செலவு அதிகம். அதற்குப் பதிலாக ஒரே பெட்டிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர்களை எழுப்பிக்கொள்ளும் ஏற்பாடுதான் வி-லேன். 1 முதல் 5 வரை உள்ள போர்ட்டுகள் கணக்குப் பிரிவுக்கு, 6 முதல் 20 வரை மற்றவர்களுக்கு என்று எண் கொடுத்துப் பிரித்துவிடலாம். 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் இருந்த டேவிட் சின்கோஸ்கியிடமிருந்து வந்த யோசனை இது. 1998ல் 802.1க்யூ என்ற பெயரில் இதற்குப் பொது விதிமுறை வந்தது. அதன்பிறகு எந்த நிறுவனத்தின் ஸ்விட்சும் எந்த நிறுவனத்தின் ஸ்விட்சோடும் வி-லேன் மொழியில் பேசிக்கொள்ள முடிந்தது.

இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஊர் ஆர்.எம்.எஸ். அலுவலகத்தை நினைத்துக்கொண்டு விளக்குவேன். தபால் வேன் ஒன்றுதான். ஆனால் அதில் நாலைந்து ஊர்ப் பைகள் போகும். ஒவ்வொரு பையின் கழுத்திலும் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். இறங்குமிடத்தில் சீட்டைப் பார்த்துப் பிரிப்பார்கள். ஸ்விட்சுகளை இணைக்கும் கேபிளுக்கு ட்ரங்க் என்று பெயர். அதுதான் வேன். தகவல் துண்டின் கழுத்தில் கட்டும் சீட்டுக்கு டேக் என்று பெயர். அதன் அளவு 4 பைட். அதில் வி-லேன் எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட். 12 பிட்டில் 4096 எண்கள் எழுதலாம். முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறு உபயோகத்துக்குப் போய்விடுவதால் மீதி 4094. சீட்டே இல்லாமல் ஒரு பை வந்தால் அதை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? அதற்கென்று இரு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் வி-லேனுக்கு நேட்டிவ் வி-லேன் என்று பெயர். சீட்டைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஸ்விட்சின் வேலை. மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சீட்டைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் புரிந்துவிட்டால் எங்கெல்லாம் கோளாறு வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதல் வகை, போர்ட் மாறிப்போவது. ஆயுத பூஜைக்கு அறையைச் சுத்தம் செய்யும்போது கேபிள்களைக் கழற்றித் துடைத்துவிட்டு, காலியாக இருக்கும் துளையில் மாட்டிவிடுவார்கள். பச்சை விளக்கு எரியும். ஆனால் கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர் இப்போது கிடங்கின் வி-லேனில் உட்கார்ந்திருக்கும். ஆயுத பூஜைக்கு அடுத்த வேலை நாளில் எனக்கு இரண்டு போனாவது வராத வருடமே இல்லை.

இரண்டாவது வகை, வேனில் ஏற்றும் பட்டியலில் ஊர் விட்டுப்போவது. ட்ரங்கில் எந்தெந்த வி-லேன் போகலாம் என்று பட்டியல் கொடுக்கலாம். ஒரு பஞ்சாலையில் புதிதாக வந்த வி-லேன் 30ஐ அந்தப் பட்டியலில் சேர்க்கப் போன ஒருவர், கட்டளையில் 'ஆட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லைப் போடாமல் அடித்துவிட்டார். ஸ்விட்ச் அதை 'இனி 30 மட்டும்தான்' என்று எடுத்துக்கொண்டது. புதிய பிரிவு ஜோராக வேலை செய்தது. பழைய பிரிவுகள் அத்தனையும் படுத்துவிட்டன. எச்சரிக்கை எதுவும் திரையில் வரவில்லை. ஸ்விட்சைப் பொறுத்தவரை அது சரியான கட்டளை.

மூன்றாவது வகை, நேட்டிவ் வி-லேன் இரு முனையிலும் வேறு வேறாக இருப்பது. ஒரு முனை சீட்டில்லாத பையை 1ஆம் எண்ணில் சேர்க்கும், மறுமுனை 99ல் சேர்க்கும். மற்ற வி-லேன்கள் எல்லாம் நன்றாக ஓடுவதால் இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

நான்காவது வகை அபூர்வம். வி-லேனே இல்லாமல் போய்விடுவது. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

2011ஆம் வருடம். தென் மாவட்டத்து நகரம் ஒன்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூன்று மாடி, இரண்டு கட்டிடம், 14 ஸ்விட்சுகள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நான் வேலை பார்த்த கம்பெனியிடம் இருந்தது. வி-லேன் 10 பில்லிங், 20 மருந்தகம், 30 ரத்தப் பரிசோதனைக் கூடம், 40 வார்டுகள், 50 எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன். கீழ்த்தளத்துச் சர்வர் ரூமில் இருந்த பெரிய ஸ்விட்ச்தான் எல்லாவற்றுக்கும் தலை. ஆஸ்பத்திரியிலேயே தினப்படி வேலைகளைப் பார்க்க ஒரு டெக்னீஷியன் பையன் இருந்தான். டிப்ளமோ படித்தவன். ஒப்பந்த ஊழியன், ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவன். சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

காலை ஏழு மணிக்கு நிர்வாக அதிகாரியிடமிருந்து போன். "சார், மொத்த ஆஸ்பத்திரியும் டவுன். இந்தப் பையன் விடியக்காலம் எதையோ நோண்டி எல்லாத்தையும் அழிச்சுட்டான். உடனே கிளம்பி வாங்க."

இந்த மாதிரி போன் வந்தால் நான் வழக்கமாகக் கேட்பது, எது வேலை செய்யவில்லை என்பதல்ல. எது வேலை செய்கிறது என்று கேட்பேன். அவர் விசாரித்துச் சொன்னார்: பில்லிங் கவுண்டர் மட்டும் ஓடுகிறது. லேப், மருந்தகம், வார்டு, எக்ஸ்ரே எதுவும் இல்லை. சர்வர் ரூமில் இருக்கும் கண்காணிப்புத் திரையில் 13 ஸ்விட்சும் பச்சையாக இருக்கிறது.

பதினான்கில் ஒன்று ஏன் இல்லை? பையனைப் பேசச் சொன்னேன். குரல் நடுங்கியது. "சார், ராத்திரி மூணாவது மாடி ஸ்விட்ச் பவர் சப்ளை போயிடுச்சு சார். பீரோவுல இருந்த ஸ்பேர் ஸ்விட்ச எடுத்தேன். நோட்டுல எழுதியிருக்கிற மாதிரியே கான்ஃபிகரேஷன் எல்லாம் அழிச்சு, ரீலோட் பண்ணி, ரேக்குல மாட்டி அப்லிங்க் சொருகினேன். போர்ட் செட் பண்ண ஆரம்பிக்கிறதுக்குள்ள கீழேருந்து போன் மேல போன். பயந்து போய் உடனே கழட்டிட்டேன் சார். கழட்டியும் சரியாகல. பெரிய ஸ்விட்ச நான் தொடவே இல்ல சார்."

"சரி தம்பி, அந்த ஸ்பேர அப்படியே தனியா வை. திரும்ப எதுலயும் மாட்டாத. நான் வர்றேன்."

போனிலேயே அவனை வைத்துச் சில கட்டளைகள் அடித்துப் பார்த்திருக்கலாம். அதிகாரி சம்மதிக்கவில்லை. இனி அவன் சர்வர் ரூம் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே மதுரையிலிருந்து நான் போய்ச் சேரும் வரை, இரண்டரை மணி நேரம், எல்லாம் நின்றபடியே நின்றது.

நான் உள்ளே நுழையும்போது லேப் வாசலில் வார்டு உதவியாளர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ரிசல்ட்டைக் கையால் எழுதி, சீட்டாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் தானே இறங்கி வந்து, ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவைக் கேட்டு, திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்துக்கொண்டு போனார். எழுதும்போது ஒரு புள்ளி இடம் மாறினாலும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பையன் சர்வர் ரூமுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது.

முதலில் லேபுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. முகவரி கொடுக்கும் சர்வர் கிடைக்காதபோது கம்ப்யூட்டர் தானாகவே வைத்துக்கொள்ளும் முகவரி அது. காலையில் எல்லாரும் பயத்தில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருக்கிறார்கள், அதனால் பழைய முகவரியும் போய்விட்டது.

பிறகு லேப் ஸ்விட்சில் என் லேப்டாப்பைக் கன்சோல் கேபிளில் மாட்டி 'ஷோ வி-லேன் பிரீஃப்' அடித்தேன். எந்த வி-லேனில் எந்தெந்த போர்ட்டுகள் என்று காட்டும் பட்டியல் அது. வி-லேன் 1ல் உபயோகத்தில் இல்லாத மூன்று போர்ட்டுகள் இருந்தன. அவ்வளவுதான். 24 போர்ட் ஸ்விட்சில் மீதி 21 போர்ட்டுகள் எந்த வரியிலும் இல்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு போர்ட்டை வி-லேன் 30க்கு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள், பிறகு வி-லேன் 30ஏ அழிந்துபோகிறது என்றால், அந்தப் போர்ட் தானாக வி-லேன் 1க்குத் திரும்பிவிடாது. எங்கும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். பட்டியலில் எந்த வரிசையிலும் வராது. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் 'இன்ஆக்டிவ்' என்று காட்டும். ஆகவே பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட எத்தனை போர்ட் குறைகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அதே பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வி-லேன் 10 இருந்தது. ஆனால் அதன் பெயர் 'பில்லிங்' என்று இல்லை, 'டெஸ்ட்1' என்று இருந்தது. அதன் கீழே வி-லேன் 11, பெயர் 'டெஸ்ட்2'. அந்த ஆஸ்பத்திரியில் வி-லேன் 11 என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கண்காணிப்புத் திரை ஏன் பச்சையாக இருந்தது, பில்லிங் ஏன் ஓடியது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஸ்விட்சுகளின் சொந்த முகவரிகள் வி-லேன் 1ல் இருந்தன. வி-லேன் 1ஐ யாராலும் அழிக்க முடியாது. வேறு எங்கிருந்தோ வந்த ஒரு பட்டியல் இங்கே இருந்த பட்டியலின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதிலும் 10 என்ற எண் தற்செயலாக இருந்ததால் பில்லிங் பிழைத்தது, பெயர் மட்டும் மாறிப்போனது.

வேறு எங்கிருந்து வரும்? சிஸ்கோ ஸ்விட்சுகளில் வி.டி.பி. என்று ஒரு வசதி உண்டு. 14 ஸ்விட்சிலும் போய் வி-லேன்களை ஒவ்வொன்றாக உருவாக்கும் சிரமத்தைக் குறைக்க வந்தது. ஒரு ஸ்விட்சில் உருவாக்கினால் மற்றவை ட்ரங்க் வழியாகத் தெரிந்துகொள்ளும். எது புதிய பட்டியல் என்று எப்படித் தெரியும்? பட்டியலுக்கு ஒரு திருத்த எண் இருக்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அது ஒன்று கூடும். தன் குழுப் பெயரையே வைத்திருக்கும் இன்னொரு ஸ்விட்சிடம் தன்னுடையதைவிடப் பெரிய எண் இருந்தால், அதுதான் புதியது என்று ஒப்புக்கொண்டு தன்னுடையதை அழித்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். தேதியைப் பார்க்காது. எண் மட்டும்தான் கணக்கு.

சர்வர் ரூமுக்குப் போனேன். பெரிய ஸ்விட்சில் 'ஷோ வி.டி.பி. ஸ்டேட்டஸ்' அடித்தேன். திருத்த எண் 61. என் டைரியில் முந்தைய பராமரிப்பு வருகையின்போது குறித்து வைத்த எண் 38. அதற்குக் கீழே 'கடைசியாக மாற்றியது' என்ற வரி. மாற்றிய ஸ்விட்சின் முகவரி 0.0.0.0. தேதி: 1993 மார்ச் 1, மணி 2:17.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ரக ஸ்விட்சுகளில் கடிகாரத்தை யாரும் சரிசெய்யாவிட்டால், கரண்ட் கொடுத்த நிமிடத்தில் அது 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆக, அந்த வி-லேன்கள் இன்று விடியற்காலையில் இந்த ரூமில் உட்கார்ந்து யாரும் அழித்தவை அல்ல. எப்போதோ, எந்த நெட்வொர்க்கிலும் சேராமல் தனியாக ஒரு மேஜை மேல் இருந்த ஸ்விட்சில், கரண்ட் கொடுத்து இரண்டே கால் மணி நேரம் கழித்து யாரோ செய்த மாற்றம் அது. இந்தப் பெரிய ஸ்விட்சின் கடிகாரமோ சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இதில் உட்கார்ந்து யாராவது அடித்திருந்தால் இன்றைய தேதி விழுந்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். நான் இப்போது வி-லேன் 30ஐத் திரும்ப உருவாக்கினால், முதல் கட்டளையிலேயே அந்த வரி மாறி இன்றைய தேதி விழுந்துவிடும். பையனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வரி. வெளியே லேப் காத்திருக்கிறது. அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்று, "என்ன சார் பார்த்துக்கிட்டே இருக்கீங்க, போட்டு விடுங்க" என்கிறார். திரையில் இருந்ததை அப்படியே லேப்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவரையும் கூப்பிட்டு அந்தத் தேதியைக் காட்டினேன். "அது ஏதோ தப்பான தேதி சார்" என்றார். "ஆமாம் சார், அதனாலதான் உங்களைப் பார்க்கச் சொல்றேன்" என்றேன்.

பிறகு டைரியில் இருந்த பட்டியலைப் பார்த்து 20, 30, 40, 50 நான்கையும் உருவாக்கினேன். 10க்குப் பழைய பெயரைக் கொடுத்தேன். 11ஐ நீக்கினேன். போர்ட்டுகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ஸ்விட்சிலும் 'இந்தப் போர்ட் 30க்கு' என்ற வரி அழியாமல் அப்படியே இருந்தது. 30 திரும்பி வந்தவுடன் அந்தரத்தில் தொங்கிய போர்ட்டுகள் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஐந்து நிமிடத்துக்குள் லேப் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் இருந்த வரிசை கலைந்தது.

அதற்குப் பிறகு அந்த ஸ்பேர் ஸ்விட்சை எதனோடும் இணைக்காமல் தனியாக ஓட்டிப் பார்த்தேன். திருத்த எண் 61. அதே குழுப் பெயர். அதே டெஸ்ட்1, டெஸ்ட்2. அதே 1993 மார்ச் 1, 2:17. முன்னொரு காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் ஓடி, கழற்றப்பட்ட ஸ்விட்ச் அது. பீரோவில் இருந்த நாளில் யாரோ அதைப் பயிற்சிக்கு எடுத்து, வி-லேன்களைப் போடுவதும் அழிப்பதுமாகப் பழகியிருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு போடலுக்கும் அழித்தலுக்கும் திருத்த எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

பையன்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாட்டினானே என்று கேட்பீர்கள். அழித்தான். நோட்டில் எழுதியிருந்தபடி ஒரு வரி விடாமல் செய்தான். ஆனால் அந்தக் கட்டளை ஸ்விட்சின் கான்ஃபிகரேஷனை மட்டும்தான் அழிக்கும். வி-லேன் பட்டியலும் குழுப் பெயரும் திருத்த எண்ணும் 'வி-லேன் டாட்' என்ற வேறொரு கோப்பில், ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். அதைத் தனியாக நீக்க வேண்டும். நோட்டில் அந்த வரி இல்லை. முன்பிருந்த யாரோ எழுதிய நோட்டு. அவன் ஸ்பேரை உடனே கழற்றியும் ஏன் சரியாகவில்லை என்பதும் இதனால்தான். பட்டியல் ஏற்கெனவே 13 ஸ்விட்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. ஒரு கடிதம் வேண்டும் என்றார். 'டெக்னீஷியனின் கவனக்குறைவால் வி-லேன்கள் அழிக்கப்பட்டன' என்று நான் எழுதிக் கொடுத்தால் ஏஜென்சிக்கு அனுப்பி ஆளை மாற்றிவிடலாம், நிர்வாகத்துக்கும் பதில் சொல்லியாகிவிடும். நான் யோசிப்பதைப் பார்த்து எங்கள் மேனேஜருக்கே போன் போட்டுக் கொடுத்தார். அவரும், "எழுதிக் குடுத்துட்டு வாங்க சார், அடுத்த மாசம் காண்ட்ராக்ட் ரினிவல் இருக்கு" என்றார்.

அவர்கள் இருவருமே கெட்டவர்கள் இல்லை. ஒரு கோளாறுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் எல்லாருக்கும் மனசு ஆறிவிடுகிறது. அதிலும் அந்த ஆள் ஒப்பந்தக்காரனாக இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அந்த நோட்டு அப்படியே இருந்தால், அடுத்து வருபவனும் அதைப் படித்து அதையேதான் செய்வான்.

நான் ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். பையனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் எழுதவில்லை. திரையில் இருந்த வரிகளை அப்படியே ஒட்டினேன்: பெரிய ஸ்விட்சில் இருந்த எண்ணும் தேதியும், ஸ்பேர் ஸ்விட்சில் இருந்த எண்ணும் தேதியும். நோட்டில் இருக்கும் வழிமுறையையும், அதில் விடுபட்ட படியையும் எழுதினேன். வழிமுறைப்படி வேலை நடந்திருக்கிறது, வழிமுறையை மாற்ற வேண்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். "அப்ப யார் மேலயும் தப்பு இல்லைங்கிறீங்க" என்றார். "நோட்டு மேல தப்பு இருக்கு சார். அத இன்னிக்கே திருத்திடலாம்" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. ஆனாலும் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டது, வழக்கம்போல் கொஞ்சம் பேரம் பேசி.

பையன் அங்கேயே மேலும் இரண்டு வருடம் இருந்தான். நான் போகும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வைத்திருப்பான். ட்ரங்கைப் பார்க்கும் கட்டளையில் ஏன் மூன்று பட்டியல் வருகிறது என்று ஒரு நாள் கேட்டான். முதல் பட்டியல், போக அனுமதி உள்ளவை. இரண்டாவது, அவற்றில் உண்மையிலேயே இந்த ஸ்விட்சில் உயிரோடு இருப்பவை. மூன்றாவது, அவற்றிலும் வழி திறந்து ஓடிக்கொண்டிருப்பவை. எண் எந்தப் பட்டியலில் இருந்து எந்தப் பட்டியலுக்கு வரும்போது காணாமல் போகிறது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். "அன்னிக்கு 30 ரெண்டாவதுல காணாமப் போயிருக்கும், இல்ல சார்?" என்றான். சரியாகச் சொன்னான்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக நான் பின்பற்றிய வரிசையை எழுதி வைக்கிறேன். முதலில், எது வேலை செய்கிறது என்று கேளுங்கள். அதே வி-லேனில் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பிங் போகிறதா, வேறு மாடியில் இருக்கும் அதே வி-லேனுக்குப் போகிறதா, கேட்வேக்குப் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். போர்ட் எந்த வி-லேனில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வி-லேன் வழியில் உள்ள எல்லா ஸ்விட்சிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ட்ரங்கின் மூன்று பட்டியல்கள், இரு முனையிலும். நேட்டிவ் எண் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். கம்ப்யூட்டரின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று ஸ்விட்சிடம் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் சர்வரையும் ஃபயர்வாலையும் சந்தேகப்பட வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் திரையில் இருப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள். வி-லேன் எண்களையும் பெயர்களையும் ஒரு காகிதத்தில் எழுதி உங்களோடு வைத்திருங்கள். நெட்வொர்க் படுத்திருக்கும்போது நெட்வொர்க்கில் சேமித்த பட்டியல் உதவாது.

அந்த ஆஸ்பத்திரி பீரோவின் கதவில் அன்று சாயங்காலமே ஒரு காகிதம் ஒட்டினோம். ஸ்பேர் ஸ்விட்சை மாட்டும் முன் கான்ஃபிகரேஷனை அழிக்கவும். வி-லேன் டாட் கோப்பையும் நீக்கவும். ரீலோட் செய்து, திருத்த எண் 0 என்று கண்ணால் பார்க்கவும். பார்த்தபின் இங்கே தேதியும் கையெழுத்தும் போடவும். நான் சொல்லச் சொல்ல எழுதியது அந்தப் பையன். புதிய ஸ்விட்சை மூன்றாவது மாடியில் அன்று இரவு மாட்டியதும் அவன்தான். காகிதத்தில் முதல் கையெழுத்தும் அவனுடையதே.